ஸ்டிக்கரை நம்பும் விஞ்ஞானிகள்

எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரைன் தொலைநோக்கி என்றால் குவியதூரம் 2032 மி.மீ. குழாயிலேயே ஒட்டியிருக்கும். அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டி, இரட்டை விண்மீன்களின் இடைவெளியை 'அளந்துவிட்டேன்' என்று மார்தட்டுபவர்கள் ஏராளம். ஸ்டிக்கரைப் படித்து ஒப்பிப்பதற்குப் பெயர் அளவீடா?

இந்தக் கருவியில் ஃபோகஸ் செய்வதே முதன்மை ஆடியை நகர்த்தித்தான். ஆடி நகர்ந்தால் குவியதூரமும் மாறும். கேமராவுக்கு முன்னால் ஃபில்டர் சக்கரம், அடாப்டர் என்று அடுக்கிய பிறகும் 2032 அசையாமல் இருக்குமாம்!

சோதிக்கக் காசே வேண்டாம். வான நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் மிண்டாக்காவை (ஓரியனின் இடுப்புப்பட்டையில் ஒன்று) ஒரு படம் எடுத்து, மோட்டாரை நிறுத்தி, சரியாக 60 விநாடி கழித்து இன்னொன்று எடுக்கலாம். இடையில் அது நகர்வது சுமார் 902 வில்விநாடி. பூமி சுழலும் கணக்கு இது, எந்தக் கம்பெனியும் மாற்ற முடியாது. படத்தில் 1880 பிக்சல் நகர்ந்திருந்தால், பிக்சலுக்கு 0.48 வில்விநாடி. பிக்சல் 5 மைக்ரான் என்றால் 206.265 × 5 ÷ 0.48, அதாவது கிட்டத்தட்ட 2149 மி.மீ.

ஸ்டிக்கர் பக்தர் 10 வில்விநாடி இடைவெளியை 10.6 என்று எழுதியிருப்பார். பழைய பட்டியலோடு அதை ஒப்பிடும் அப்பாவி யாரோ, நகராத ஜோடிக்குச் சுற்றுப்பாதை போட்டுக்கொண்டிருப்பார்.