ஆயாவும் தாத்தாவும் பனிமலைக்குப் போகட்டும்

பாகூரிலோ வில்லியனூரிலோ ஒரு வீட்டுப் பெரியவர், "தை மாசம் ஜப்பானுக்குப் போறேன், பனி பார்க்க" என்று சொன்னால் போதும், தெரு இரண்டு கட்சியாகிவிடும். "இந்த வயசுல இது எதுக்கு? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யார் பார்க்கிறது?" என்பது ஒரு கட்சி. "காலமெல்லாம் வயலும் வட்டியுமா கிடந்த ஆளு, இப்பவாவது போகட்டுமே" என்பது மற்றது. இரண்டு பேச்சிலும் பெரியவர் மேல் அக்கறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் போகும் முன் செய்ய வேண்டிய வேலைகள் என்னென்ன, எது யார் தலையில் விழுகிறது என்று இரு கட்சியுமே பேசுவதில்லை. பேச்சு "போகலாமா கூடாதா" என்பதிலேயே நின்றுவிடுகிறது. மிச்சத்தை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

கடல் தாண்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன சொல்தாக்களின் வீடுகள் இன்றும் புதுச்சேரியில் உண்டு. அன்று இளைஞர்கள் போனார்கள், பெற்றோர் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். இன்று பெற்றோரே கிளம்புகிறார்கள். பிள்ளைகள் பாரீஸிலோ சிங்கப்பூரிலோ, இந்தியர்கள் நிறையப் பேர் வாழும் டோக்கியோவின் நிஷி-கசாயிலோ இருக்கிறார்கள். விடுமுறைக்கு அப்பா அம்மாவை அழைத்து, "அப்படியே ஹொக்கைடோ போய் ஸ்கீயிங் பண்ணிட்டு வரலாம்" என்கிறார்கள். பயணியின் வயது மாறிவிட்டது. நம் ஏற்பாடுகள் மாறவில்லை.

ஜப்பானின் பனியை நம்மால் எளிதில் புரிந்துகொள்ள முடியும். ஐப்பசியில் வடகிழக்குக் காற்று வங்கக் கடலின் ஈரத்தை வாரி வந்து நம் மேல் கொட்டுவதைப் போலவே, சைபீரியாவிலிருந்து வரும் குளிர்க்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய் மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. ஹொக்கைடோவின் நிசெகோவில் ஒரு பருவத்தில் பத்து மீட்டருக்கும் மேல் பனி விழும். பெரியவர்கள் பயப்படும் உயரம் அங்கே பெரிய சிக்கல் இல்லை. நிசெகோ அன்னுபுரி சிகரம் 1,308 மீட்டர்தான், உதகை நகரமோ 2,240 மீட்டரில் இருக்கிறது. கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு 70 வயது வரம்பும் கடுமையான உடல் பரிசோதனையும் வைத்திருக்கிறார்கள், அமர்நாத்துக்கும் மருத்துவச் சான்று கட்டாயம். ஜப்பானுக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. கேட்காததாலேயே ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடுகிறோம்.

ஆபத்து குளிரில் இருக்கிறது. மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில் அறுபது ஆண்டு பழகிய உடம்பு, திடீரென்று மைனஸ் பத்தில் நிற்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். சறுக்கும்போது இதயத்துக்குப் பழக்கமில்லாத வேலை சேரும். பனியில் விழுந்தால் மணிக்கட்டும் முழங்காலும் முதலில் அடிபடும், எலும்பு தேய்ந்த பெண்களுக்கு இடுப்பும். இவை போதாதென்று வெந்நீர் ஊற்று வேறு. குளிரிலிருந்து நேராகக் கொதிக்கும் குளத்தில் இறங்கி மயங்கிவிழும் முதியவர்கள் ஜப்பானிலேயே ஏராளம். அவர்கள் அதற்கு 'ஹீட் ஷாக்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை போடுபவருக்கு இந்த மயக்கம் இன்னும் எளிதில் வரும்.

அப்படியானால் போகக் கூடாது என்ற கட்சி ஜெயித்ததா? யூய்ச்சிரோ மியூரா என்ற ஜப்பானியரின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. 1932-இல் பிறந்தவர். 1970-இல் எவரெஸ்ட் சரிவில் பாராசூட் கட்டிக்கொண்டு சறுக்கியவர். அறுபதை ஒட்டி உடல் பெருத்து, ரத்த அழுத்தத்தோடு, சின்னக் குன்று ஏறவே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தார். பிறகு கணுக்காலில் எடை கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். எழுபது வயதில் எவரெஸ்ட், எழுபத்தைந்தில் மறுபடி, 2013-இல் எண்பது வயதில் மூன்றாம் முறை. அவருடைய அப்பா கெய்சோ 99 வயதில் மோன் பிளாங் மலையில் சறுக்கியவர்.

சாதனைகளை விட, அவர் சறுக்காமலும் ஏறாமலும் விட்ட இடங்கள்தான் நமக்குப் பாடம். 2019-இல் 86 வயதில் தென் அமெரிக்காவின் அக்கன்காகுவா மலைக்குப் போனார். பாதி வழியில் குழு மருத்துவர் "இதற்கு மேல் வேண்டாம்" என்றதும் மனம் ஒப்பாவிட்டாலும் இறங்கினார். அடுத்த ஆண்டு தண்டுவடப் பாதிப்பால் நடக்க முடியாமல் போனது. 2023-இல் தொண்ணூறு வயதில் சக்கர நாற்காலியில் ஃபூஜி உச்சியை அடைந்தார். கூட வந்தவர்கள் இழுத்தும் தள்ளியும் ஏற்றினார்கள். நமக்கு இது தெரியாத காட்சியா? வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்குப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வடம் பிடித்தார், இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் பிடிக்கிறார்கள். ஆனாலும் ஊர் இழுத்தால்தான் தேர் நகரும்.

வடத்தில் யார் யார் கை வைக்க வேண்டும் என்று பார்ப்போம். முதல் கை பெரியவருடையது. உண்மையைச் சொல்வது அவர் பங்கு. "சர்க்கரைன்னு சொன்னா இன்சூரன்ஸ் தரமாட்டான்" என்று மறைத்து பாரத்தை நிரப்புவது நம்மிடம் சகஜம். மறைத்தது தெரிந்தால் கோரிக்கையை நிறுவனம் நிராகரித்துவிடும், அன்று பில்லை அடைப்பது பிள்ளை. சொன்னாலும் சிக்கல் உண்டு. பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்கெனவே உள்ள நோயை விலக்கியே வைத்திருக்கும், சறுக்கு விளையாட்டுக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும். அதைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பாலிசி விற்கிற ஏஜென்ட் அந்தப் பத்தியைப் பெரியவருக்குத் தமிழில் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். 70 வயது கடந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் வந்த ஐந்து லட்ச ரூபாய் ஆயுஷ்மான் அட்டை இந்திய எல்லையோடு நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஜப்பானில் மருத்துவமனைக் கட்டணத்தை அடைக்காமல் வந்துவிட்டால் அடுத்த முறை நுழைவே மறுக்கப்படலாம்.

இரண்டாவது கை அரசு மருத்துவருடையது. இங்கேதான் யாரும் யோசிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் 90 நாள் விசாவில் போகிறார், மூன்று மாத மாத்திரையைப் பையில் அடைத்துக்கொள்கிறார். ஜப்பான் சட்டப்படி மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்தை ஒரு மாத அளவுக்கு மட்டும் அப்படியே எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் என்றால் 'யூன்யூ காகுனின்-ஷோ' என்ற இறக்குமதி உறுதிச் சான்றை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சில சளி, இருமல் மருந்துகளுக்கும் அங்கே கெடுபிடி உண்டு. சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை, கோடீனுக்குக் கட்டுப்பாடு. நம் பெரியவர்களுக்கோ மாத்திரை என்றால் "காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்". இந்திய பிராண்டுப் பெயர் ஜப்பானிய மருத்துவருக்கு ஒன்றும் சொல்லாது. பாகூர், வில்லியனூர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர், சர்க்கரைக்கு மாதாமாதம் மருந்து வாங்குபவரின் விவரம் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறது. அதிலிருந்து மருந்தின் பொதுப்பெயர், அளவு, நோய், ரத்த வகை, ஒவ்வாமை ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுக்கலாம். புதிய திட்டமோ ஒதுக்கீடோ இதற்குத் தேவையில்லை.

பிள்ளைகளின் பங்கைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அம்மா அப்பாவைப் பனி பார்க்க அழைத்துப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, தாங்கள் சரிவில் இறங்கும் நேரமெல்லாம் பேரக்குழந்தையோடு அவர்களை அறையில் உட்கார வைக்கிற குடும்பங்கள் உண்டு. அது விடுமுறை இல்லை, ஆயா வேலை. பெற்றோரை மையமாக வைத்துத் திட்டமிட்டால் இடத்தேர்வே மாறிவிடும். யமகதாவின் ஸாவோவில் பனி மூடிய மரங்கள் பூதங்கள் போல நிற்கும், அவற்றைப் பார்க்க ரோப்வேயில் ஏறினால் போதும். காலா யுஸாவாவில் புல்லட் ரயில் சறுக்கு மைதானத்தின் வாசலிலேயே நிற்கிறது, டோக்கியோவிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பெட்டி தூக்குவதும் வேண்டாம். யமாடோ நிறுவனம் 1983-இலிருந்தே சறுக்குப் பலகைகளை முன்கூட்டி விடுதிக்கு அனுப்பிவைக்கும் சேவையை நடத்துகிறது, பெட்டிகளையும் அப்படி அனுப்பலாம். மரக்கறி உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே காய்கறிச் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். இட்லிப் பொடி கொண்டுபோகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

சறுக்கலாமா? வாழ்நாளில் பனியையே பார்த்திராத ஒருவர் 68 வயதில் முதன்முதலாகப் பலகை கட்டுவதை நான் எளிதில் ஆதரிக்க மாட்டேன். இதய, எலும்பு மருத்துவர்கள் இருவரும் சம்மதித்து, ஆறு மாதம் நடந்து, காலில் வலுச் சேர்த்து, தலைக்கவசத்தோடு, குழந்தைகள் பழகும் சரிவில் தனி ஆசிரியரிடம் கற்றுக்கொள்வதானால் சரி. இல்லையென்றால் பனிக்காலணி மாட்டி மரங்களுக்கிடையே ஒரு மணி நேரம் நடக்கலாம், அதுவே போதுமான அனுபவம்.

அந்த ஆறு மாத நடையை எங்கே நடப்பது என்று கேட்டால்தான் கொம்யூனின் பங்கு தெரியவரும். வில்லியனூர் வழியே போகும் விழுப்புரம் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிக்கும் பைக்குக்கும் நடுவில் ஒரு அறுபத்தைந்து வயதுப் பெண்மணி தினமும் நடக்க முடியாது. மாடவீதிகளில் நடக்கலாம், கடை நீட்டலும் நிறுத்திய வண்டிகளும் வழிவிட்டால். ஊசுடேரிக் கரையும் பாகூர் ஏரிக்கரையும் இருக்கின்றன. ஏரிக்கரை பொதுப்பணித் துறைக்கு உரியது, தெருவிளக்கு கொம்யூன் பஞ்சாயத்துக்கு. இரு அலுவலகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஊரார் சேர்ந்துதான் மனு கொடுக்க வேண்டும்.

"முதியோர் உதவித்தொகைக்கு மாதம் முழுக்கக் காத்திருக்கிற ஊரில் ஜப்பான் பனி பற்றிப் பேச்சா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜப்பான் போகப்போவது சில பேர். ஆனால் அந்தச் சிலருக்காகக் கேட்கிற மருந்துத் தாள், திருப்பதி மலையேறும் பாகூர்ப் பெண்மணிக்கும், மகளின் பிரசவத்துக்காகக் குவைத் போகும் தாய்க்கும், ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போகும் விவசாயிக்கும் அதே தாள்தான். நடைபாதையும் அப்படியே. வசதி உள்ளவர் குரல் கொடுத்தால் அலுவலகம் சீக்கிரம் அசையும் என்பது கசப்பான உண்மை. அந்தக் குரலைத் தன் டிக்கெட்டுக்கு மட்டும் செலவழிக்காமல் தெருவுக்கும் கொஞ்சம் செலவழித்தால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது.

அடுத்த தை மாதப் பயணத்துக்கு நாள் எண்ணினால் இப்படி வருகிறது. ஆடியில் நடை தொடங்க வேண்டும். புரட்டாசிக்குள் இதயம், கண், எலும்பு அடர்த்திப் பரிசோதனைகள். ஐப்பசியில் மழை தொடங்கினால் கரையில் நடக்க முடியாது, அதனால் கரையைச் சமன்செய்து விளக்குப் போடும் மனு ஆவணிக்குள் பொதுப்பணித் துறைக்கும் கொம்யூன் ஆணையருக்கும் போய்ச் சேர வேண்டும், கையெழுத்தில் ஜப்பான் போகிறவர் பெயரும் போகாதவர் பெயரும் சேர்ந்தே இருக்கட்டும். கார்த்திகையில் விசா, காப்பீடு, மருந்துச் சான்று. மருந்துத் தாளுக்கு மட்டும் மாதம் பார்க்கத் தேவையில்லை, அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போதே கேட்டு வாங்கிவிடலாம்.