எண்ணுக்கு ஏது மீடியம்?

லேபில் டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிறோம். அப்பவும் மசியவில்லையா, மைஎஸ்கியூஎல்லையே அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால்! உள்ளே இருந்த டேபிள்களும் அதோடு போய்விடலாம். திரையில் வந்த ஒரு வரி ஆங்கிலத்தை மட்டும் யாரும் படிப்பதில்லை.

விடை அந்த வரியில்தான் இருக்கிறது. 2003 என்று வந்தால் பெரும்பாலும் சர்வர் ஓடவில்லை, இல்லையேல் முகவரியோ 3306 என்ற போர்ட் எண்ணோ தப்பு. 1045 என்றால் சர்வர் நல்லாத்தான் இருக்கு. யூசர் பெயரோ பாஸ்வேர்டோ சேரவில்லை. 1049 என்றால் அந்தப் பெயரில் டேட்டாபேஸே இல்லை. கதவு அடைத்திருப்பதும், சாவி சேராததும், அறையே இல்லாததும் ஒன்றாகுமா?

தமிழ் மீடியத்தில் படித்து, குடும்பத்தில் முதல் ஆளாக பாலிடெக்னிக் வாசலை மிதித்த என்னைப் போன்றவர்களுக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லை. ஆங்கிலம் பயமுறுத்தலாம், எண்ணுக்கு ஏது மீடியம்?

செய்முறைத் தேர்வில் அவுட்புட் வந்தால்தான் மார்க் என்கிறார்கள். பிழை எங்கே என்று சரியாகச் சொல்பவனுக்கும் ஐந்து மார்க் கொடுத்தால் என்ன? நாளை வேலையில் நம்மைக் கூப்பிடப்போவது ஓடுகிறதை வேடிக்கை பார்க்க அல்ல, நின்றுபோனதை ஓட வைக்க! ஆசிரியப் பெருமக்கள் இதை யோசிக்க வேண்டும். நாமும் அழிப்பதற்கு முன் படிப்போம்!