நெருக்கம் வேறு, நெருக்கடி வேறு

சத்தியவேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி சொன்ன செய்தி இன்னும் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. ஜப்பானிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஒருவர் இயந்திரத்தின் கோளாறை விளக்கிக்கொண்டிருந்தாராம். நன்றாகப் பார்க்கலாம் என்று இவள் கிட்டே போனாள். அவர் ஓரடி பின்வாங்கினார். மறுபடியும் கிட்டே போனாள், மறுபடியும் விலகினார். “என் சாதி அவருக்கும் தெரிஞ்சுபோச்சோன்னு நெனச்சேண்ணா” என்றாள்.

அந்த மனிதருக்கு அவள் சாதி தெரிந்திருக்க வழியில்லை. எட்ட நின்று தலைகுனிந்து வணங்குவதே மரியாதை என்று வளர்ந்தவர் அவர். ஆனால் விலகல் என்றாலே இழிவு என்று இந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நம் ஊர்தானே!

2008-க்குப் பிறகு சத்தியவேடு, வரதய்யபாளையம் பகுதிகளில் ஸ்ரீசிட்டி எழுந்தது. ஜப்பான், கொரியா, ஐரோப்பா எனப் பல நாட்டுக் கம்பெனிகள் வந்தன. கவரைப்பேட்டைச் சாலையிலும் ஊத்துக்கோட்டைச் சாலையிலும் நம் பிள்ளைகள் பஸ்ஸில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இந்தப் பகுதி 1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியதே தவிர, தமிழ் பேசுகிறவர் வீட்டுத் திண்ணையில் தெலுங்கு பேசுகிறவர் ஒட்டி உட்கார்ந்து கதை பேசும் வழக்கம் மாறவில்லை. இப்போது அதே ஊரில், வேறு வழக்கத்தில் வளர்ந்தவர்களோடு பக்கத்தில் நின்று வேலை செய்யவேண்டியிருக்கிறது.

எட்வர்டு ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-இல் வெளியிட்ட நூலில் இதை அடிக்கணக்கில் வகுத்தார். அவர் கவனித்த அமெரிக்கர்களுக்கு ஒன்றரை அடிக்குள் வர நெருங்கிய உறவினருக்கே உரிமை. நான்கு அடி வரை நண்பர்களுக்கு. அந்நியர் அதற்கும் அப்பால். ஒன்றரை அடி என்பது நம் கணக்கில் ஒரு முழம். நமது டவுன் பஸ்ஸில் அந்த முழத்துக்குள் மூன்று பேர் நிற்கிறோம்! 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று 42 நாடுகளில் ஏறத்தாழ 9,000 பேரைக் கேட்டது. அந்நியரை மிகத் தூரத்தில் நிறுத்த விரும்பியவர்கள் ருமேனியர். மிகக் கிட்டத்தில் ஏற்றவர்கள் அர்ஜென்டினர். எந்த நாட்டு வழக்கமும் இன்னொன்றைவிட உயர்ந்ததன்று. இதைப் புரிந்துகொண்டால் பாதி மனத்தாங்கல் தீரும்.

மறுபாதி அவ்வளவு எளிதில் தீராது. வேறு மாவட்டங்களிலிருந்து வந்த நம் பெண்கள் சிலர் தங்கும் விடுதி ஒன்றை நாங்கள் பார்த்தோம். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. துணி மாற்ற மறைவில்லை. இரவு ஷிப்டு முடிந்து ஒருத்தி உறங்கும்போது, பகல் ஷிப்டுக்காரி அவள் தலைமாட்டில் நின்று தலை வாருகிறாள். கேட்டதற்குப் பொறுப்பாளர் சொன்ன பதில்: “உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் பழக்கந்தானே!”

தோழர்களே, இங்கேதான் நாம் விழித்துக்கொள்ளவேண்டும். திண்ணையில் ஒட்டி உட்காருவது நாமாகத் தேர்ந்தது. அது நெருக்கம். எட்டுக் கட்டில் போட்ட அறை வாடகை மிச்சத்துக்காக வேறொருவர் நம்மீது சுமத்தியது. அது நெருக்கடி. வறுமையில் வந்த பழக்கத்துக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டி, அதையே நமக்கு எதிராகத் திருப்புகிறார்கள்.

இது பழைய கதைதான். இலங்கைத் தோட்டங்களில் நம்மவரை லயக் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாக அடைத்தார்கள். பெற்றோர், பிள்ளைகள், புதுமணத் தம்பதி எல்லோருக்கும் ஒரே அறை. சிங்கப்பூரில் 2020-இல் கொரோனா பரவியபோது, அதே ஆண்டு டிசம்பருக்குள் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்களைத் தொற்று பிடித்தது. அதன் பிறகே, புதிய விடுதிகளில் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2021-இல் அங்கே அறிவித்தார்கள். ஆக, இடம் இல்லாமல் இல்லை. கொடுக்க மனம்தான் இல்லை.

இந்தியாவிலும் ஏடு இருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் மாநிலம் விட்டு மாநிலம் வருவோருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த மத்திய விதிகள், தனியாக வந்தவருக்குத் தலைக்கு 6.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடி என்றன. குடும்பத்தோடு வந்தவருக்கு 10 சதுர மீட்டருக்குக் குறையாத அறை. தனியாக வந்த பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை. நம்மில் எத்தனை பேர் அந்த 70 சதுர அடியைக் கண்ணால் கண்டோம்?

நம் வீட்டையும் பார்ப்போம். கதவைச் சாத்தினால், “என்ன ரகசியம்?” என்று மகளை அதட்டுகிறோம். அவளுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்கிறோம். செல்போனைப் பிடுங்கிப் பார்க்கிறோம். இதுவும் நெருக்கடிதான். “நமக்குள் இடைவெளியே கிடையாது” என்று பெருமை பேசுகிற நாம்தான் சேரியை ஊருக்கு வெளியே வைத்தோம். தனிக் குவளை வைத்தோம். தீண்டாமை ஒழிந்தது என்று 1950-இல் அரசியல் சட்டம் சொன்ன பிறகும், ஒருவர் ஓரடி விலகினால் ஒரு பெண் தன் சாதியை நினைத்துக் குறுகுகிறாள் என்றால் வெட்கப்படவேண்டியவள் அவளல்லள்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். தொழிற்சாலையில், வந்தவர் வழக்கம் நமக்கும் நம் வழக்கம் வந்தவருக்கும் வேலையின் முதல் நாளே சொல்லப்படட்டும். விடுதியில் ஆளுக்கொரு கட்டில், ஒரு பூட்டுள்ள பெட்டி, துணி மாற்ற ஒரு மறைவு கட்டாயமாகட்டும். கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை என்று ஒவ்வொரு விடுதியிலும் எண்ணி எழுதிச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்; சேர்ந்து போய்க் கேட்போம். வீட்டிலோ, சாத்திய கதவைத் தட்டிவிட்டுத் திறப்போம். அதற்கு யாரிடமும் மனு கொடுக்கவேண்டியதில்லை.