பாசறையின் மௌனம்

கெடா மாநிலத்தின் தென்கோடியான பண்டார் பாருவிலும் அதன் வடக்கேயும் பரந்து கிடந்த இரப்பர்த் தோட்டங்களின் வாழ்வை அறிந்தோர் ஓர் உண்மையை அறிவர். துரைக்குக் கீழே கிராணி. கிராணிக்குக் கீழே மண்டோர். அனைவருக்கும் கீழே பால்மரம் வெட்டும் பெண். மேலிருப்பவன் முறைதவறினால் அவள் எவரிடம் முறையிடுவாள்? அவளுடைய வேலையும் குடியிருப்பும் அவர்கள் கையில் அல்லவா இருந்தன? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரைமாரும் அவர்தம் அலுவலரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. ஒருத்தி தனித்துச் சொல்ல இயலாததைச் சொல்ல ஒரு வட்டாரமே திரள வேண்டியதாயிற்று!

அதே அடுக்குமுறைதான் இன்று சீருடை அணிந்து படைத்துறையில் நிற்கின்றது. அங்கே வேலைநிறுத்தத்திற்கும் இடமில்லை.

2021 செப்டம்பரில், கோயம்புத்தூர் விமானப்படை நிர்வாகக் கல்லூரியில் பயிற்சிக்கு வந்திருந்த பெண் அலுவலர் ஒருவர், உடனிருந்த அலுவலரே தமக்குப் பாலியல் வன்கொடுமை இழைத்ததாக முறையிட்டார். படைக்குள் நீதி கிட்டாது எனக் கருதி, நகரின் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை நாடினார். புகாரைக் கைவிடுமாறு வற்புறுத்தப்பட்டதாகவும், உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்த இருவிரல் சோதனைக்கு உட்படுத்தப்பட்டதாகவும் அவர் கூறினார். அச்சோதனை நடைபெறவில்லை என விமானப்படைத் தலைவர் மறுத்தார். காவல்துறை கைது செய்த அலுவலரை, படைத்துறை நீதிமன்ற விசாரணைக்காக, நகர நீதிமன்றம் விமானப்படையிடமே ஒப்படைத்தது.

குற்றம் நிகழ்ந்ததா என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் கடன். ஆயினும், எந்த வாயிலை விட்டு அவர் வெளியேறினாரோ, அதே வாயிலுக்குள் அவருடைய வழக்குத் திரும்பிச் சென்றது என்பதை எவர் மறுக்க முடியும்?

இதற்கு இடம் தருவது 1950ஆம் ஆண்டின் இந்திய விமானப்படைச் சட்டம். அமைதிக் காலத்தில் உள்நாட்டுப் பணியிலுள்ள படைவீரன் வெளிப்பெண் ஒருத்திக்கு வன்கொடுமை இழைத்தால், பொது நீதிமன்றமே விசாரிக்கும். அப்பெண்ணும் படையைச் சேர்ந்தவராயின், படைத்துறை நீதிமன்றம் விசாரிக்கலாம். நாட்டைக் காக்கச் சீருடை அணிந்தவளுக்கு, அணியாதவளுக்குள்ள காப்பும் இல்லை! படையினர் பெண்களுக்கு இழைக்கும் பாலியல் வன்கொடுமைகளைப் பொதுக் குற்றவியல் சட்டத்தின் கீழ்க் கொணர வேண்டும் என்று நீதிபதி வர்மா குழு 2013இல் பரிந்துரைத்தது. படைச் சட்டமோ மாறவில்லை.

பாசறையில் புகார் குறைவு என்பதால் குற்றமும் குறைவு என்று வாதிடுவோர் உளர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பு அவ்வாதத்தைத் தகர்க்கின்றது. அவ்வாண்டில் ஏறத்தாழ 29,000 படையினர் பாலியல் அத்துமீறலுக்கு ஆளாயினர்; முறையிட்டோர் நால்வரில் ஒருவரே. வழக்குத் தொடுக்கும் முடிவைத் தளபதிகளிடமிருந்து எடுத்துத் தனி வழக்குரைஞர்களிடம் அளிக்கும் முறை, கொடுங்குற்றங்களைப் பொறுத்தவரை, அந்நாட்டில் 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனால் படையின் கட்டுப்பாடு குலைந்துவிடவில்லை. உடன் நிற்பவனுக்கே அஞ்சி உறங்காத வீராங்கனையைக் கொண்ட படையில் கட்டுப்பாடு ஏது?

பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்த காட்சியை மாணவர் பயில்வர். பிழை செய்த அரசனே அங்கு நடுவனாகவும் வீற்றிருந்தான். உண்மை தெளிந்ததும் உயிர் துறந்தான். அத்தகையோன் காப்பியத்தில் ஒருவன். தளபதி ஒவ்வொருவரும் நெடுஞ்செழியனாக விளங்குவார் என நம்பிச் சட்டம் வகுப்பது பேதைமை.

மௌனத்திற்குத் தமிழும் துணைபோயிருக்கின்றது. ‘கற்பழிப்பு’ என்னும் சொல், குற்றம் செய்தவனை மறைத்து, இழந்தவள் அவளே என்று அவள் தலைமீது பழியை ஏற்றுகின்றது. அச்சொல்லை வகுப்பறையிலிருந்து அகற்றுவது தமிழாசிரியர் இன்றே செய்யத்தக்க பணி. வன்கொடுமை என்று பெயரிட்டு, செய்தவன் எவன் என்று வினவ மாணவரைப் பழக்குவார்களாக. முறையிடுபவளின் வழக்கைக் கேட்க மேலதிகாரியின் கீழ்ப்படாத ஒருவர் அமரும் நாளில்தான் பாசறையின் மௌனம் கலையும்.