மருந்துச்சீட்டில் ஓர் ஆட்டுக்குட்டி

பி.காம். படிக்கிறவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு நான் போட்டுக்கொடுத்த ஒரு கணக்கு தப்பாகப் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பெரணமல்லூர். ஆரணிப் பட்டு என்று கடையில் வாங்குகிறீர்களே, அது நெய்கிற பக்கம். ஆயாவும் தாத்தாவும் தறிக்காரர்கள். தாத்தா போன பிறகு ஆயா கூலிக்குத் தார் சுற்றினாள். கண் மங்கியதும் அதுவும் நின்றது. மிச்சம் இருந்தவை ஆடுகள்தான். 2011-ல் தமிழக அரசு, நிலமில்லாத ஏழைப் பெண்களுக்கு விலையில்லாமல் நான்கு ஆடுகள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்படி வந்த ஆடுகளின் வாரிசுகள் அவை.

போன வருடம் ஆடு கயிற்றை இழுத்ததில் ஆயா விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்ட டாக்டர் ஓய்வு வேண்டும் என்றார். ஆடுகளை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டியவன் நான்தான். தழைக்கு அலைச்சல், கொட்டகைச் செலவு, ஊசி மருந்து எல்லாம் கழித்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. விற்றுவிட்டோம்.

இரண்டு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. ஆயாதான் தேறவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவள் எட்டு மணி வரை படுத்திருந்தாள். சோறு வேண்டாம் என்றாள். இன்னிக்கு என்ன கிழமை என்று ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை கேட்டாள். தூக்கத்துக்கு மாத்திரை, பசிக்கு டானிக் என்று மருந்துச்சீட்டு நீண்டதுதான் மிச்சம்.

அந்த நேரத்தில்தான் அதுல் கவாண்டே என்ற டாக்டர் 2014-ல் எழுதிய 'பீயிங் மார்ட்டல்' புத்தகத்தைப் படித்தேன். அதில் பில் தாமஸ் என்ற இளம் டாக்டரின் கதை வருகிறது. 1991-ல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு சின்ன ஊரில், சேஸ் மெமோரியல் என்ற முதியோர் இல்லத்துக்கு அவர் பொறுப்பேற்றார். அங்கே இருந்த முதியோர் சுமார் 80 பேர். வேளைக்குச் சாப்பாடும் மருந்தும் கிடைத்தன, ஆனால் முகத்தில் உயிர் இல்லை. தாமஸ் அங்கே 2 நாய்கள், 4 பூனைகள், 100 கிளிகளைக் கொண்டுவந்தார்! கிளிகளுக்குப் பெயர் வைப்பதும் தீனி போடுவதும் முதியவர்களின் வேலை ஆனது. இரண்டு வருடம் ஆராய்ந்து அருகிலிருந்த இன்னொரு இல்லத்தோடு ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு எழுதப்பட்ட மருந்துகள் அந்த இல்லத்தோடு ஒப்பிட்டால் பாதிதான். இறப்பு 15 சதவீதம் குறைவு.

பிராணிகளைக் கொண்டு வைத்தியம் பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் தன் நாயோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்து 1960களிலேயே எழுதினார். 1991-ல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தை நம் சென்னையில் புளூ கிராஸ் நடத்தியிருக்கிறது. பழக்கிய நாய்களை நோயாளிகளிடமும் சிறப்புக் குழந்தைகளிடமும் அழைத்துப் போவார்கள். நல்ல காரியம். வாயில்லா ஜீவன் நம்மை எடை போடாது, அவசரப்படுத்தாது. அதனிடம் பேச யாருக்கும் கூச்சம் வராது.

ஆனால் வயதானவர்கள் விஷயத்தில் தடவிக்கொடுக்க ஒரு நாய் வந்து போனால் மட்டும் போதாது என்பது என் கருத்து. தன்னை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்ற பொறுப்புதான் அவர்களுக்கு மருந்து. நாம் அன்பு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலையாகப் பிடுங்கிவிடுகிறோம். "நீங்க சும்மா உட்காருங்க" என்கிறோம். சும்மா உட்காருவதே வியாதி ஆகிவிடுகிறது.

மறுப்பு இருக்கிறது, தெரியும். பிராணிகளால் தொற்று வரலாம், தடுப்பூசி போடாத நாய் ஆபத்து, சிலருக்கு முடி பட்டாலே மூச்சு இழுக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் ஆட்டை விடச் சொல்லவில்லை. பிராணிக்கும் வலி உண்டு, அதை மாத்திரை போல நடத்தக் கூடாது. ஆயா விழுந்ததும் ஆட்டால்தான். ஆனால் அதற்கு வழி, இழுக்கிற பெரிய ஆட்டை நாங்கள் பிடித்துக் கட்டிவிட்டு, தழை போடுகிற வேலையை அவளிடமே விட்டிருப்பது. அதை யோசிக்காமல் ஒரேயடியாக விற்றதுதான் என் தப்பு.

பிறகு என்ன ஆயிற்று? எதிர்வீட்டு ஆடு மூன்று குட்டி போட்டது. மூன்றாவதுக்குப் பால் போதவில்லை. "பாட்டில்ல பால் குடுக்கறியா ஆயா?" என்று எதிர்வீட்டு அக்கா கொண்டுவந்து விட்டார். மறுநாள் விடியும் முன்பே அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஏன் ஆயா இவ்வளவு சீக்கிரம் என்றேன். "அது பசிக்குக் கத்துதுடா, நான் எப்படிப் படுத்துக் கெடக்கறது?" என்றாள். இப்போது மல்லாட்டைக் கொடி வாங்கி வரச் சொல்லி என்னையே விரட்டுகிறாள். பிரஷர் மாத்திரை தொடர்கிறது, தூக்க மாத்திரை மட்டும் டாக்டரைக் கேட்டே நிறுத்தியாயிற்று.

கணக்கியலில் ஆடு மாடுகளை 'உயிரியல் சொத்து' என்கிறார்கள். மதிப்பு என்றால் சந்தை விலைதான். நான் போட்ட கணக்கிலும் அதுதான் இருந்தது, ஆயா எழுந்திருக்கிற நேரம் இல்லை. இலவச ஆடுகளையும் வருமானத் திட்டம் என்று மட்டும்தான் பார்த்தோம். முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் நான்கு கோழியோ ஒரு ஆடோ வளர்த்து, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அங்கிருப்பவர்களிடமே கொடுத்துப் பார்க்கலாம். பெரிய செலவில்லை.

உங்கள் வீட்டில் தாத்தாவோ ஆயாவோ ஒரு கோழியையோ பூனையையோ கட்டிக்கொண்டு மாரடித்தால், தொல்லை என்று அப்புறப்படுத்தும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை.