பொய்த் தாத்தாவுக்கு நீல ஐசி, உண்மைப் பாட்டிக்குச் சிவப்பு ஐசி!



நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காற்பந்து என்றால் உயிர். தேசிய அணிக்காக யார் எத்தனை கோல் போட்டார், யார் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து ஹாட்ரிக் சாதித்தார் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். 142 ஆட்டங்களில் 89 கோல் அடித்த மொக்தார் டஹாரியை அவர்கள் நேரில் பார்த்ததில்லை. அவர் 1991லேயே இறந்துவிட்டார். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போது முகம் மலர்கிறது. 1962 ஜக்கார்த்தா ஆசியப் போட்டியில் மலாயா அணி பிலிப்பைன்ஸை 15-1 என்று நொறுக்கியதைச் சொன்னால் வாய்பிளந்து கேட்கிறார்கள். நல்லது. இந்த நாடு நம் நாடு, இந்த அணி நம் அணி. மொக்தார் மலாய்க்காரர் என்பதால் அவர் அடித்த கோலுக்கு நாம் கைதட்டாமல் இருந்ததில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கோல் பட்டியலில் இருப்பது திடலுக்குள் விடப்பட்டவன் பெயர். வெளியே நிறுத்தப்பட்டவன் எந்தப் பட்டியலிலும் வரமாட்டான். ஒருவன் நாட்டுக்காக மூன்று கோல் அடிக்க வேண்டுமானால் அதற்கு முன் மூன்று தாள் வேண்டும்: பிறப்புப் பத்திரம், நீல ஐசி, கடப்பிதழ். இந்த மூன்றும் யாருக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதை 2025இல் உலகமே பார்த்தது.

ஏழு பேர் கதை

2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில் அரங்கம். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. முதல் இரண்டு கோலையும் அடித்தவர்கள் புதிதாகக் குடியுரிமை பெற்ற வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். நாடே கொண்டாடியது.

பிஃபா விதி இதுதான். ஓர் ஆட்டக்காரர் புதிய நாட்டுக்கு ஆட வேண்டுமானால் அவரோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். இந்த ஏழு பேருக்கும் தாத்தா அல்லது பாட்டி பினாங்கில் பிறந்தார், மலாக்காவில் பிறந்தார், ஜொகூரில் பிறந்தார், கூச்சிங்கில் பிறந்தார் என்று பத்திரம் காட்டப்பட்டது.

புகார் போனது. பிஃபா அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லாந்து, ஸ்பெயின் என்று அந்தந்த நாட்டு அசல் பதிவேடுகளைத் தேடி எடுத்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் அங்கேதான் பிறந்திருக்கிறார்கள். ஒருவர்கூட நம் மண்ணில் பிறக்கவில்லை. 2025 செப்டம்பரில் பிஃபா மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. ஏழு பேருக்கும் ஆளுக்கு 2,000 பிராங்க் அபராதம், 12 மாதத் தடை. நவம்பரில் பிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. சங்கமோ இதைத் ‘தொழில்நுட்பத் தவறு’ என்றது!

தொழில்நுட்பத் தவறாம்! கடலுக்கு அப்பால் பிறந்த ஒரு தாத்தா பினாங்கில் பிறந்ததாக மாறிவிடுவது தொழில்நுட்பத் தவறு என்றால், நம் பாட்டி பாடாங் மேஹாவில் பிறந்தது யாருடைய தவறு?

எது சட்டம், எது சலுகை?

நான் சட்டம் படித்தவன். சட்டத்தை உங்களுக்குப் புரியும்படி சொல்வது என் கடமை.

கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆவது விதிப்படி ஒரு வெளிநாட்டவர் குடியுரிமை கேட்டால், விண்ணப்பத்துக்கு முந்திய 12 ஆண்டுகளில் 10 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதில் கடைசி 12 மாதம் கட்டாயம். நன்னடத்தை வேண்டும். மலாய் மொழி போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். இந்த ஏழு பேரில் ஒருவர் ஸ்பெயின் முதல் பிரிவில் அலாவெஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். அவர் எந்தப் பத்து ஆண்டு இங்கே வாழ்ந்தார்? 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, அரசியலமைப்பு தனக்குத் தந்திருக்கும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்.

சரி. அமைச்சருக்கு அதிகாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அதிகாரம் பால்மரம் வெட்டிய கைக்கு ஏன் நீளவில்லை?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தத் தாத்தா பாட்டிகளின் அசல் கையெழுத்துப் பதிவு கிடைக்காததால், வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டாம் நிலைத் தகவலை வைத்துப் பிறப்புப் பதிவின் நகலைக் கொடுத்ததாகப் பதிவிலாகா சொன்னது. பிஃபாவின் தீர்ப்பிலேயே இது இருக்கிறது.

இந்த வரியை இரண்டு முறை படியுங்கள். அசல் இல்லை, ஆனாலும் பத்திரம் கிடைத்தது.

நம் மக்களின் கோப்புகளை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அசல் இல்லை என்பதே அங்கே முடிவுரை. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவருக்கு அசல் எங்கிருந்து வரும்? தோட்ட ஆஸ்பத்திரி மூடி எத்தனை காலமாகிறது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, துண்டானது. லயம் இடிந்தது. கிராணி எழுதிய பேரேடும் செக்ரோலும் கறையானுக்கு இரையாயின. அப்பா ஐசி எடுக்கவில்லை, ஆகவே மகனின் பிறப்பைப் பதியவில்லை. மகனுக்குப் பத்திரம் இல்லை, ஆகவே பேரனுக்கும் இல்லை. மூன்று தலைமுறையும் ஒரே நாட்டில், ஒரே தோட்டத்தில் இருந்தும் கையில் ஒரு தாள் இல்லை. ‘போய் ஆதாரம் கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சிவப்பு ஐசி எப்படி வந்தது?

இளம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. பெரியவர்கள் சொல்லிக் கொடுங்கள்.

1957 சுதந்திர நாள் முதல் 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்தவர்கள், மிகச் சில விலக்கு தவிர, பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் யார் என்று சட்டம் கேட்கவில்லை. 1962 அக்டோபரிலிருந்துதான் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு 16ஆவது விதி இருக்கிறது. முந்திய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்து, இங்கேயே நிலைத்து வாழும் எண்ணமும், நன்னடத்தையும், சாதாரண மலாய் அறிவும் இருந்தால் பதிவு செய்துகொள்ள உரிமை உண்டு. ‘உரிமை உண்டு’ என்றே சட்டம் சொல்கிறது.

அந்தப் பதிவு நடந்த காலத்தில் யார் தோட்டத்துக்குள் வந்து நம் பாட்டிக்கு இதைச் சொன்னார்? விடியற்காலை பிரட்டுக்குப் போய், மாலை வரை பால் எடுத்துத் திரும்பியவருக்குக் குடியுரிமைச் சட்டத்தை விளக்க எந்தத் துரை வந்தான்? 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடிமக்கள் அல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றதும் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர் மூட்டை கட்டி இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களில் பலர் சிவப்பு ஐசியோடு இங்கேயே கிழடு தட்டிப் போனார்கள்.

அவர்களுக்கு வாக்குறுதிக்குப் பஞ்சமில்லை. 2018இல் ஆட்சி மாறியபோது, 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அறிவித்தார்கள். அறுபது வயது வரை காத்திருந்தால்தான் கருணை! காற்பந்து ஆட்டக்காரருக்கு மட்டும் காத்திருப்பே கிடையாது.

2024இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு நீதி கிடைத்தது, அதை வரவேற்கிறோம். அதே திருத்தத்தில், இங்கே பிறந்தாலும் பெற்றோர் நிரந்தரவாசி மட்டுமே என்றால் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடையாது என்று மாற்றினார்கள். சிவப்பு ஐசிக்காரரின் பிள்ளை தலையில் விழுந்த அடி இது. தமிழ் வீடுகளில் எத்தனை பேர் இதைக் கவனித்தோம்?

“விளையாட்டில் அரசியல் வேண்டாம்” என்போருக்கு

இதை எழுதியதும் சிலர் வருவார்கள். வெளிநாட்டுக்காரரைச் சேர்ப்பது உலக வழக்கம் என்பார்கள். உலகத்தைப் பார்ப்போமே.

2002 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனி சவூதியை 8-0 என்று வென்றது. அதில் ஹாட்ரிக் அடித்த மிரோஸ்லாவ் குளோசே போலந்தில் பிறந்தவர், எட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்து அங்கேயே படித்து வளர்ந்தவர். 2022 இறுதியாட்டத்தில் பிரான்சுக்கு ஹாட்ரிக் அடித்த எம்பாப்பே பாரிஸில் பிறந்தவர். தந்தை கேமரூன் வழி, தாய் அல்ஜீரியா வழி. அந்த நாடுகள் தங்கள் மண்ணில் வளர்ந்த குடியேறிகளின் பிள்ளையைத் தேசிய உடைக்குள் விட்டன. இங்கே நடந்தது நேர் எதிர். மண்ணில் வளர்ந்த பிள்ளை வெளியே நின்றான், மண்ணை மிதிக்காதவரின் தாத்தா உள்ளே வந்தார்.

தமிழனுக்குக் காற்பந்து வராது என்று சொல்பவனுக்கும் பதில் இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணித்தலைவர் எம். சந்திரன். அந்த அணி அமெரிக்காவை 3-0 என்று வென்றது.  1980இல் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது கோல் காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம். புறக்கணிப்பால் அணி போகவில்லை. 2010இல் ஜக்கார்த்தாவில் தென்கிழக்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணியின் பயிற்றுநர் கே. ராஜகோபால், அந்த அணியில் குணாளனும் குருசாமியும் இருந்தார்கள். 2021இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி அணி வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் ஆடிக் காட்டியது. திறமைக்குக் குறைவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஏழு ஆட்டக்காரர்கள் மீது நமக்குப் பகை இல்லை. அவர்கள் பந்து உதைத்துப் பிழைக்க வந்தவர்கள். மலாய்ச் சகோதரர்கள் மீதும் பகை இல்லை. இந்த அவமானத்துக்கு அவர்களும் வெட்கப்பட்டார்கள், கோபப்பட்டார்கள். நம் கேள்வி அதிகாரத்தில் இருப்பவர்களிடம். ஒரே நாட்டில் ஏன் இரண்டு அளவுகோல்?

நாம் கேட்பது மூன்று

ஒன்று: அசல் பதிவு இல்லாதபோது இரண்டாம் நிலை ஆதாரம் ஏற்கப்படும் என்றால், அந்த வழியைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கும் எழுத்து வடிவில் திறக்க வேண்டும்.

இரண்டு: குடியுரிமை விண்ணப்பத்துக்குக் கால வரையறை வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆட்டக்காரருக்கு வாரக்கணக்கு, பாட்டாளிக்கு ஆண்டுக்கணக்கு என்பது நீதி ஆகாது.

மூன்று: பொய்ப் பத்திரம் எந்த மேசையில் பிறந்தது என்பதை முழுமையாக விசாரித்து, விசாரணை அறிக்கையைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். வாடகை வீட்டு முகவரியைத் தப்பாக எழுதிய ஏழையைக் குற்றவாளியைப் போல நடத்தும் நாட்டில், தாத்தாவையே மாற்றி எழுதியவர் பெயர் மறைவில் இருக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

அரசாங்கம் செய்யும் வரை கைகட்டி நிற்க வேண்டாம். வீட்டில் பத்திரமில்லாத பிள்ளை இருந்தால் இந்த வாரமே ஒரு கோப்பு போடுங்கள். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தடுப்பூசி அட்டை, கோயில் திருமணப் பதிவு, பெற்றோரின் இபிஎஃப் கணக்கு, பழைய சம்பளச் சீட்டு, உடன்பிறந்தோரின் ஐசி நகல் என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். பிறந்தபோது உடனிருந்த முதியவர் உயிரோடு இருந்தால், அவர் இருக்கும்போதே சத்தியப் பிரமாணம் எழுதி வாங்குங்கள். அவர் போய்விட்டால் சாட்சியும் போய்விடும்.

பிள்ளைக்கு 18 வயதாகும்வரை தள்ளிப்போடாதீர்கள். 15ஏ விதியின்படி சிறப்புச் சூழ்நிலையில் விண்ணப்பிக்கும் வயது வரம்பு 21 ஆக இருந்தது. 2024 திருத்தம் அதை 18 ஆகக் குறைத்திருக்கிறது. ஒவ்வொரு முறை முகப்புக்குப் போகும்போதும் தேதியையும் அதிகாரி சொன்ன பதிலையும் எழுதி வையுங்கள். வாய்வார்த்தையை நம்பித் திரும்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். நிராகரித்தால் அத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், நீதிமன்றம் இருக்கிறது. பெற்றோர் யாரென்றே தெரியாமல் தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை இந்நாட்டுக் குடிமகனே என்று 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போராடிய குடும்பத்துக்குத்தான் அந்தத் தீர்ப்பு கிடைத்தது.

பக்கத்து வீட்டில் பத்திரமில்லாத பிள்ளை இருந்தால் வெட்கப்பட்டு மறைத்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.