குறுந்தட்டின் முதுகு

என் தாத்தா 1950-களில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் சொன்ன கதைகளை என் மாமா 2004-இல் ஒலிப்பதிவு செய்து, சிடி எனப்படும் குறுந்தட்டில் ஏற்றி வைத்தார். தாத்தா மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் அதைத் தேடி எடுத்தோம். பளபளக்கும் அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் கணினியால் அதைப் படிக்க இயலவில்லை. மேலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை யாரோ உரித்திருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உரிந்த இடத்தில் மறுபக்கம் தெரிந்தது.

நம்மில் பலர் பளபளக்கும் பக்கத்தையே பாதுகாக்கிறோம். அது மேலே இருக்குமாறு வைத்து, எழுத்துப் பக்கத்தை மேசையில் தேயவிடுகிறோம். இது தவறு.

குறுந்தட்டின் தடிப்பு 1.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய அது முழுவதும் பாலிகார்பனேட் என்னும் கெட்டியான நெகிழிதான். அதன்மேல் ஒரு சாயப்பூச்சு உண்டு. லேசர் ஒளி நம் பதிவை எழுதுவது அதில்தான். அதற்கும் மேலே வெள்ளி அல்லது தங்கத்தாலான மெல்லிய படலம். கடைசியாக, தலைமுடியைவிட மெல்லிய அரக்குப் பூச்சு. அவ்வளவுதான் காப்பு!

அடிப்பக்கம் கீறினால் நெகிழிதான் கீறப்படுகிறது. லேசர் கதிர் அதைத் தாண்டி உள்ளே குவிவதால் சிறு கீறல்கள் பெரும்பாலும் தடையாவதில்லை. மெருகேற்றியும் சரிசெய்யலாம். மேற்பக்கத்தில் பேனா முனை அழுந்தினாலோ, ஒட்டிய சீட்டை உரித்தாலோ பதிவே பெயர்ந்துவிடும். அதற்கு மருந்தில்லை. டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே பதிவு இருப்பதால், இந்த ஆபத்து குறைவு.

லெபோ பாசார் கடைகளில் நாம் வாங்கிய அசல் பாட்டுக் குறுந்தட்டுகளுக்கும் முதுகு மெல்லியதுதான். ஆனால், அவை ஆலையில் பல படிகளாக அச்சிடப்பட்டவை. ஒன்று கெட்டால் இன்னொன்று கிடைக்கலாம். வீட்டில் பதிந்ததற்கு மாற்று ஏது? அதன் சாயமோ வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடியது. இன்று பல மடிக்கணினிகளில் குறுந்தட்டைப் படிக்கும் கருவியே இல்லை.

மொழியைக் காப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அம்மொழியைப் பேசிய துறைமுகத் தொழிலாளியின் குரல் வீட்டு அலமாரியில் உரிந்துகொண்டிருக்கிறது. நமது கழகம் இவ்வாண்டே ஒரு வாரத்தை ஒதுக்கி, உறுப்பினர் வீடுகளில் உள்ள பதிவுகளைப் படியெடுத்து, இரண்டு இடங்களிலாவது சேமித்து வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு கணினியும் ஒரு குறுந்தட்டுக் கருவியும் இருந்தால் தொடங்கிவிடலாம். அதுவரை குறுந்தட்டை விளிம்பில் பிடியுங்கள், பெட்டியில் வையுங்கள், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், ஒட்டிய சீட்டை உரிக்காதீர்கள்.

தாத்தா எப்படிப் பேசுவார் என்று என் தம்பி கேட்கிறான். நாங்கள் பேசிக் காட்டுகிறோம். அது தாத்தாவின் குரல் ஆகாது.